கரையேறிய பின்னும் குளிரும்





கிறிஸ்துமஸ் நாளன்று காலை ஒன்பது மணிக்கு லண்டன் மாநகரின் ஹைட் பார்க் பூங்காவிலுள்ள செர்பன்டைன் ஏரியில் ஒரு நீச்சல் போட்டி நடைபெறுவது வழக்கம். 1864-ஆம் ஆண்டில் தொடங்கிய பழக்கம் இது. ‘பீட்டர் பான்’ நாடகத்தை எழுதிய ஜே. எம். பேரி 1904-இல் இதற்கென ஒரு கோப்பையை வழங்கினார். அதனால் பீட்டர் பான் கோப்பைப் போட்டி என்றே இது இன்றளவும் அறியப்படுகிறது. தூரம் நூறு கெஜம்தான். ஆயினும் கரையில் கூடி நிற்பவர்கள் விரும்பியபடி நீரில் இறங்கிவிட முடியாது. குளிர்காலத்தில் தொடர்ந்து நீந்திப் பழகிய நீச்சல் சங்க உறுப்பினர்களுக்கு மட்டுமே போட்டியில் இடமுண்டு. பழகாதவரைக் கொல்லக்கூடிய நீர் அது.

இதைவிடக் கடினமான போட்டிகளும் உண்டு. 2009-இல் தென்னாப்பிரிக்காவில் தோன்றிய சர்வதேசப் பனிநீர் நீச்சல் சங்கம் ‘ஐஸ் மைல்’ என்னும் ஒரு சவாலை வகுத்திருக்கிறது. நீரின் வெப்பநிலை 5 டிகிரி செல்சியசுக்கு மேற்படலாகாது. ஒரு மைல், அதாவது 1,609 மீட்டர் நீந்த வேண்டும். சாதாரண நீச்சலுடை, ஒரு தொப்பி, ஒரு கண்ணாடி தவிர வேறொன்றும் அணியலாகாது. அச்சங்கத்தின் முதல் உலகப் போட்டி 2015-இல் ரஷ்யாவின் மூர்மான்ஸ்க் நகரில், உறைந்த ஏரியின் பனிக்கட்டியை வெட்டி அமைத்த தடத்தில் நடந்தது. நம் வீட்டு ஃபிரிட்ஜில் இரவு முழுவதும் வைத்த தண்ணீர் எத்தனை குளிர்ந்திருக்குமோ, ஏறக்குறைய அத்தனை குளிர்ந்த நீரில் ஒரு மைல் நீந்துவதை எண்ணிப் பாருங்கள்.

நம்மில் எவரும் பனிநீரில் குதிக்கவேண்டும் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. இந்த நீச்சல்காரர்கள் நன்கு அறிந்திருக்கிற ஓர் உண்மையை நம் சபைகள் இன்னும் சரியாகக் கற்றுக்கொள்ளவில்லை என்பதே என் கருத்து.

குளிர்நீரில் இறங்கிய முதல் ஓரிரு நிமிடங்களில் மூச்சு திணறும். பின்பு விரல்கள் விறைக்கும், தோள்கள் சோரும். காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக நீர் உடலின் சூட்டைக் கவர்ந்துகொள்ளும். இவை யாவும் கரையில் நிற்பவர்களின் கண்ணுக்குத் தெரிகிற ஆபத்துகள். ஆகையால் படகுகள் நிற்கும், மருத்துவர்கள் இருப்பார்கள், அனைவரும் விழித்திருப்பார்கள். ஆனால் போட்டி முடிந்த பிறகு வருகிற ஓர் ஆபத்தும் உண்டு.

நீரில் இருக்கும்போது உடலானது தோலுக்கும் கைகால்களுக்கும் செல்லும் இரத்தத்தைக் குறைத்து, இருதயம், மூளை முதலிய உயிர்நிலைகளுக்காக வெப்பத்தைக் காத்துவைக்கிறது. நீந்தியவர் கரையேறும்போது அவருடைய உடலின் வெளிப்புறம் மிகவும் குளிர்ந்துபோயிருக்கிறது. உள்ளே எஞ்சியிருக்கும் சூடு அந்தக் குளிர்ந்த தசைகளுக்குள் தொடர்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். எனவே நீரைவிட்டு வெளியே வந்த பின்பும் உள்ளுடலின் வெப்பம் இன்னும் குறைகிறது. சிரித்த முகத்தோடு கரையேறியவர் பத்து, இருபது நிமிடங்கள் கழித்துத் தேநீர்க் குவளையைப் பிடிக்க இயலாமல் நடுங்குவார். அவருடைய பேச்சு குழறும். சிலவேளை மயங்கியும் விழுவார். முதலாவதாக வந்தவருக்கும் கடைசியாக வந்தவருக்கும் இது நேரிடலாம். ஆகவே அனுபவமுள்ளவர்கள் கரையேறியவரைத் தனியே விடுவதில்லை. ஈர உடையை உடனே மாற்றுவார்கள். விறைத்த விரல்களால் பொத்தானைப் போட அவரால் முடியாது என்பதால் வேறொருவர் போட்டுவிடுவார். அவர் நலமாக இருக்கிறேன் என்று சொன்னாலும் நம்பாமல் அருகிலேயே இருப்பார்கள்.

பிரியமானவர்களே, இனி நம்மை நாமே பார்ப்போம். நம் சபையில் ஒரு மரணம் நேர்ந்தால் அந்த வீட்டு வாசலில் நிற்க இடமிருக்காது. அடக்க ஆராதனைக்கு அனைவரும் வருகிறோம், மூன்றாம் நாள் ஜெபத்திற்கும் வருகிறோம். நாற்பதாம் நாளன்று ஒருமுறை கூடிப் பாடி, உணவருந்தி, ‘கர்த்தர் அவர்களைத் தேற்றிவிட்டார்’ என்று சொல்லி வீடு திரும்புகிறோம். அந்த வீட்டில் கதவைச் சாத்திய பிறகு வருகிற குளிரை யார் அறிவார்? அறுவை சிகிச்சைக்கு முந்தின இரவு மருத்துவமனை வராந்தாவில் ஜெபிப்பவர்கள் பலர். சிகிச்சை முடிந்து, இரண்டு மாதங்களாகப் படுக்கையில் கிடந்து, ஏன் பிழைத்தோம் என்று சோர்ந்திருப்பவரைச் சந்திப்பவர்கள் சிலரே. குடிப்பழக்கத்தை விட்ட சகோதரனை மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கிறோம், கைதட்டி மகிழ்கிறோம். மறுவாரம் மாலை ஏழு மணிக்கு, பழைய நண்பர்கள் அழைக்கும் அந்த நேரத்தில், அவனோடு யார் இருக்கிறார்கள்?

நீரில் தத்தளிப்பவருக்காக ஜெபிக்க நாம் நன்றாகக் கற்றிருக்கிறோம். கரையேறியவரோடு தங்கியிருக்கக் கற்கவில்லை.

‘விசுவாசம் உள்ளவருக்கு இதெல்லாம் எதற்கு? கர்த்தர் போதாதா?’ என்று சிலர் கேட்கலாம். எலியாவைப் பாருங்கள். கர்மேல் பர்வதத்தில் அக்கினி இறங்கியபோது அவர் சோரவில்லை. வெற்றிக்குப் பின்புதான் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, தன் ஜீவனை எடுத்துக்கொள்ளும்படி வேண்டினார் (1 இராஜாக்கள் 19). அவருக்கு விசுவாசம் குறைந்துவிட்டது என்று தேவன் கடிந்துகொள்ளவில்லை. உறங்கவிட்டார், தூதனை அனுப்பினார். சுட்ட அடையும் தண்ணீரும் தந்து, மறுபடியும் உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பிப் புசிக்கச் செய்தார். ஓரேப் மலையில் அவரோடு பேசியது அதற்குப் பிறகே.

அப்போஸ்தலர் நடபடிகளின் கடைசி இரண்டு அதிகாரங்களையும் இந்த வாரம் வாசியுங்கள். குளிர்காலம் நெருங்கிய பருவத்தில் பவுலும் அவரோடிருந்த 275 பேரும் புயலில் அகப்பட்டு, கப்பல் உடைந்து, நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தியும் மற்றவர்கள் பலகைகளைப் பிடித்துக்கொண்டும் மெலித்தா தீவில் கரைசேர்ந்தார்கள். ஒருவரும் சாகவில்லை. அந்த அற்புதத்தோடு லூக்கா கதையை முடித்துவிடவில்லை. மழையும் குளிருமாயிருந்தபடியால் அத்தீவார் நெருப்பு மூட்டி எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதிவைத்தார். அவர்கள் சுவிசேஷம் அறியாதவர்கள், பவுல் யாரென்றே அறியாதவர்கள். நனைந்து வந்தவர்களுக்கு முதலாவது நெருப்பு வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார்கள். தாமும் நனைந்திருந்த பவுல் அந்த நெருப்புக்காக விறகு பொறுக்கினார். போதகர்களாகிய நாங்களும் மறக்கக்கூடாத காட்சி அது.

நம் ஆண்டவர் செய்ததும் இதுவே. திபேரியா கடலில் பேதுரு படகிலிருந்து குதித்தபோது கரை ஏறக்குறைய இருநூறு முழத் தூரத்தில் இருந்தது என்று யோவான் எழுதுகிறார். நம் அளவில் அது சுமார் நூறு கெஜம், செர்பன்டைன் ஏரிப் போட்டியின் தூரமும் அதுவே. கரைசேர்ந்த சீஷர்களுக்கு முன்பாகக் கரிநெருப்பும், அதன்மேல் மீனும், அப்பமும் ஆயத்தமாயிருந்தன. சில நாட்களுக்கு முன்பு வேறொரு கரிநெருப்பின் அருகில் பேதுரு தம்மை மறுதலித்ததை ஆண்டவர் அறிந்திருந்தார். அதைக் குறித்துப் பேசவேண்டியதும் இருந்தது. ஆயினும் அவர்கள் உண்ட பின்பே அவனோடு பேசினார் (யோவான் 21).

இங்கே நீச்சல்காரர்களிடமிருந்து இன்னொன்றையும் கற்றுக்கொள்ளலாம். குளிர்ந்து வந்தவரை உடனே வெந்நீரில் நிறுத்தக்கூடாது என்பார்கள். சுருங்கியிருந்த இரத்தக்குழாய்கள் திடீரென விரிந்து, இரத்த அழுத்தம் குறைந்து, அவர் மயங்கி விழ நேரிடும். உலர்ந்த உடை, தலைக்குக் கம்பளித் தொப்பி, மெதுவாக அருந்தும் சூடான பானம் என்று சிறிது சிறிதாகவே சூடேற்ற வேண்டும். பிள்ளையை இழந்த தாயிடம் மூன்றாம் நாளே ரோமர் எட்டாம் அதிகாரத்தின் ஆறுதலைச் சொல்லி, ‘இனி அழாதேயுங்கள்’ என்கிறோம். அந்த வசனம் சத்தியம், அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் சத்தியத்தையும் அவர் தாங்கக்கூடிய அளவில் கொடுப்பதே அன்பு. முதலில் ஒரு தூக்குவாளிக் கஞ்சியோடு போங்கள். அருகில் அமர்ந்திருங்கள். வசனத்துக்கு வேளை வரும்.

ஆகவே நம் சபைக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதுதான். நாற்பதாம் நாள் ஜெபத்தோடு எந்தத் துக்க வீட்டுக் கணக்கையும் முடித்துவிடாதிருங்கள். மூன்றாம் மாதத்தில் போங்கள். மரித்தவரின் பிறந்தநாளிலும், முதல் கிறிஸ்துமஸிலும் போங்கள். கணவனை இழந்த சகோதரி வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் வரிசையில் நிற்கும்போது உடன் நில்லுங்கள். விறைத்த விரல்களுக்குப் பொத்தான் போட்டுவிடுவது அதுவே. மனந்திரும்பிய சகோதரனை மேடையேற்றுவதற்கு முன்பு, அவனுடைய மாலை வேளைகளைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள மூன்று பேர் முன்வாருங்கள். ‘நான் நன்றாக இருக்கிறேன்’ என்று ஒருவர் சொல்லும்போது, இன்னும் சற்று நேரம் அங்கேயே இருங்கள்.

நீங்களே கரையேறி வந்தவராக இருந்தால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆபத்தெல்லாம் கடந்த பின்பு இப்போது ஏன் இப்படி நடுங்குகிறோம் என்று வெட்கப்படாதிருங்கள். நீங்கள் மிகவும் குளிர்ந்த நீரில் நெடுந்தூரம் நீந்தி வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக நெருப்பு மூட்டிவைத்திருக்கிற ஆண்டவர் கரையில் நிற்கிறார். அவருடைய சபையின் கதவைத் தட்ட உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ஜெபம்: கரையில் எங்களுக்காகக் காத்திருக்கிற ஆண்டவரே, நீர் எங்களைத் தப்புவித்த நாட்களுக்காக ஸ்தோத்திரம். தப்பிவந்தும் இன்னும் குளிரில் நடுங்குகிற எங்கள் சகோதர சகோதரிகளை எங்கள் கண்களுக்குக் காண்பியும். சீக்கிரமாய் வீடு திரும்புகிற எங்கள் கால்களை அவர்கள் அருகில் நிறுத்தியருளும். விறகு பொறுக்கும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், பிதாவே. ஆமென்.