கோணிய ஸ்டியரிங்கும் பார்க்கிற கூலியும்

கொஞ்சம் நீளமான பதிவு. கார், வேன் வைத்திருப்பவர்களும், அவற்றில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறவர்களும் பொறுமையாக வாசித்தால் சந்தோஷம்.

நாங்கள் ஆசிரியர்கள் நாலு பேர் ஒரே காரில்தான் பாடசாலைக்குப் போய் வருகிறோம். 2022இல் பெற்றோலுக்குக் கியூ.ஆர். காட்டி வரிசையில் நின்ற நாட்களில் தொடங்கிய ஏற்பாடு அது. வரிசை போய்விட்டது, ஏற்பாடு நிலைத்துவிட்டது. கார் எங்களில் ஒருவருடையது. பழைய விட்ஸ். பெற்றோல் காசு நாலாகப் பிரியும், ரிப்பேர் காசும் நாலாகப் பிரியும். அதனால் ரிப்பேர் என்று வந்தால் நாலு பேரும் கஞ்சர்களாகி விடுவோம். கதை தொடங்குவதே அங்கேதான்.

2025 நவம்பரில் டித்வா புயல் கொண்டுவந்த மழைக்குப் பிறகு எங்கள் பக்கத்து வீதிகள் எப்படிக் கிடந்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கட்டுகஸ்தோட்டையில் இருந்து அக்குறணைப் பக்கம் வரும்போது ஒருநாள் காலை தண்ணீர் நிறைந்த குழி ஒன்றில் இடப்பக்க முன்சக்கரம் விழுந்தது. பெரிய சத்தம். இறங்கிப் பார்த்தோம். டயர் வெடிக்கவில்லை, ரிம் வளையவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று ஏறிப் போய்விட்டோம்.

அன்றிலிருந்து ஸ்டியரிங் வலப்பக்கம் சாய்ந்து நின்றது. கார் நேராகத்தான் போகும். ஆனால் நேராகப் போகும்போது ஸ்டியரிங்கின் நடுவில் உள்ள சின்னம் மணிக்கூட்டில் பன்னிரண்டில் நிற்காமல் கொஞ்சம் ஒரு மணிப் பக்கம் திரும்பி நிற்கும். ஒரு கிழமை போனால் கண் பழகிவிடுகிறது. "ஓடுதுதானே" என்று சொல்லிக்கொண்டோம். நம் ஊரில் எத்தனை வாகனங்கள் இந்த ஒரு சொல்லில் ஓடுகின்றன!

பிறகு ஒரு கராஜுக்குப் போனோம். அங்கே இருந்த பாஸ் ஸ்டியரிங்கைக் கழற்றி, ஒரு பல் தள்ளிப் பூட்டி, நேராக்கித் தந்தார். பத்து நிமிட வேலை. காசும் குறைவு. பன்னிரண்டில் நின்றது சின்னம். நாலு பேருக்கும் திருப்தி.

இரண்டு மாதத்தில் முன் டயர் இரண்டும் உட்பக்கம் மட்டும் தேய்ந்து கம்பி தெரிந்தது. வெளியில் நின்று பார்த்தால் நல்ல டயர். குனிந்து உட்பக்கம் பார்த்தால்தான் தெரியும், யார் குனிகிறோம்? புது டயர் போட்ட இடத்தில் வீல் எலைன்மென்டும் செய்தார்கள். கணினித் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தது. வெளியே எடுத்து ஓட்டினால் ஸ்டியரிங் மறுபடி கோணல். இந்த முறை இடப்பக்கம்.

நாங்கள் சிரித்தோம். வலப்பக்கம் சாய்ந்ததை நேராக்கினால் இடப்பக்கம் சாய்கிறது, பழைய காருக்கு மனம் மாறிவிட்டது என்றார் எங்களில் ஒருவர். அந்தச் சிரிப்போடுதான் விடுமுறைக்குப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு மஹியங்கனைக்குப் போனோம். ஹுன்னஸ்கிரியவைத் தாண்டி ஹசலக்கவுக்கு இறங்கும் அந்தப் பதினெட்டு வளைவுகளில், அதே காரில், இறங்கி, மறுநாள் ஏறி வந்தோம்.

திரும்பி வந்த பிறகுதான் எங்களிடம் படித்த ஒரு தம்பியிடம் காரைக் காட்டினோம். சாதாரண தரத்தில் கணிதம் போகாமல், வீட்டில் ஏச்சு வாங்கி, கராஜில் போய் நின்றவர். இப்போது வீட்டோடு சேர்த்துச் சின்னதாக ஓர் இடம் வைத்திருக்கிறார். அவர் முதலில் ஸ்பானரை எடுக்கவில்லை. கேள்வி கேட்டார்.

"சேர், இது எப்பயிருந்து? திடீரென்றா, கொஞ்சம் கொஞ்சமாவா?" "கையை லேசா விட்டா கார் ஒரு பக்கம் இழுக்குதா, இல்ல ஸ்டியரிங் மட்டும்தான் சாய்ஞ்சு நிக்குதா?" "டயர் மாத்தினதுக்கு முன்னாலயா, பின்னாலயா?" "ஆராவது ஸ்டியரிங்கக் கழட்டினாங்களா?"

கடைசிக் கேள்விக்கு நாங்கள் முதலில் இல்லை என்றுதான் சொன்னோம். வெட்கம்.

இந்தக் கேள்விகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவை ஒவ்வொன்றும் ஒரு கதவு. இழுப்பதும் சாய்வதும் வேறு வேறு நோய். கார் ஒரு பக்கம் இழுத்தால் டயர் காற்று, டயரின் உள் அமைப்பு, இறுகிப்போன பிரேக், கேம்பர் அல்லது காஸ்டர் கோணம் என்று தேட வேண்டும். முதலில் காற்று, அது இலவசம். பிறகு முன் டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம் (ஒரு திசைக்கு மட்டும் ஓடும் டயர் என்றால் கூடாது). இழுவையும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான். ஓடி வந்ததும் ஒரு பக்க ரிம் மட்டும் அதிகமாகச் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. கடுகண்ணாவை ஏற்றத்தை இறங்கி வந்த கையோடு இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள், இரண்டு பக்கமும் சுடும், கையும் போகும்.

இழுக்காமல் ஸ்டியரிங் மட்டும் சாய்ந்து நின்றால், பெரும்பாலும் முன்சக்கரங்களைத் திருப்பும் டை ரொட் இரண்டில் ஒன்று நீளம் மாறியிருக்கிறது. அடிபட்டு வளைந்திருக்கலாம், முனையில் உள்ள ஜொயின்ட் தேய்ந்து ஆடலாம், எலைன்மென்ட் செய்தவர் ஒரு பக்கத்தை மட்டும் திருகியிருக்கலாம். பின் அச்சு கொஞ்சம் கோணி, கார் நண்டு மாதிரி நடந்தாலும் ஸ்டியரிங் சாயும். அதைப் பார்க்க நம் ஊர் மழையே உதவி செய்யும். தேங்கிய தண்ணீரில் மெதுவாக ஓட்டி, காய்ந்த இடத்துக்கு நேராக எடுத்து நிறுத்தி, ஈரத் தடத்தைப் பாருங்கள். பின் டயரின் தடம் முன் டயரின் தடத்திலிருந்து ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தால் பின்பக்கத்தையும் அளக்கிற நாலு சக்கர எலைன்மென்ட் தேவை.

இன்னொன்று. வீதி நடுவில் உயர்ந்து ஓரத்துக்குச் சரிந்திருக்கும், மழைத் தண்ணீர் ஓட. நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே நல்ல காரும் லேசாக இடப்பக்கம் வழியும், நாமும் ஸ்டியரிங்கை ஒரு துளி வலப்பக்கம் பிடித்திருப்போம். அது நோய் அல்ல. தட்டையான நேர்வீதியில்தான் முடிவு சொல்ல வேண்டும். கண்டியில் தட்டையான நேர்வீதி தேடுவது தனிச் சோதனை. பல்லேகல, குண்டசாலைப் பக்கம் போனால் கிடைக்கும்.

தம்பி என்ன செய்தார்? ஸ்டியரிங்கை ஒரு கோடிக்குத் திருப்பி, அங்கிருந்து மறு கோடிவரை எத்தனை சுற்று என்று எண்ணினார். அதில் சரிபாதி வந்து நிறுத்தினார். இப்போது கீழே உள்ள ரெக் நடுவில் நிற்கிறது. ஸ்டியரிங் மட்டும் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. "பாருங்க சேர், கீழ எல்லாம் நடுவிலதான். மேலதான் ஒரு பல் தள்ளிப் பூட்டியீக்கி" என்றார். அப்போதுதான் முதல் கராஜ் எங்கள் ஞாபகத்துக்கு வந்தது.

பிறகு எங்களில் ஒருவரை உள்ளே உட்காரவைத்து ஸ்டியரிங்கைச் சின்னதாக இடமும் வலமும் அசைக்கச் சொன்னார். அவர் கீழே படுத்து இடப்பக்க டை ரொட் முனையில் கை வைத்தார். எங்களையும் வைக்கச் சொன்னார். டொக், டொக் என்று கையில் அடித்தது. இறப்பர் உறை கிழிந்து, கிறீஸ் போய், உள்ளே துரு. தண்டும் லேசாக வளைந்திருந்தது, வலப்பக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரிந்தது.

முழுக் கதையும் அவர் வாயிலிருந்து வரிசையாக வந்தது. குழியில் விழுந்து தண்டு வளைந்ததால் நீளம் குறைந்து, இடச்சக்கரம் வெளிப்பக்கம் பார்த்திருக்கிறது. அதைச் சமாளிக்க ஸ்டியரிங் வலப்பக்கம் திரும்பி நின்றது. முதல் கராஜ் அந்த அடையாளத்தை மட்டும் அழித்தது. சக்கரம் வெளியே பார்த்தபடியே ஓடியதால் டயரின் உட்பக்கம் தேய்ந்தது. எலைன்மென்ட் செய்த இடத்தில் வளைந்த தண்டையே திருகி நீட்டிச் சக்கரத்தை நேராக்கினார்கள். சக்கரம் நேரானதும், தள்ளிப் பூட்டிய ஸ்டியரிங் மறுபக்கம் சாய்ந்தது. காருக்கு மனம் மாறவில்லை. இரண்டு முறையும் அது உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

"இந்த ஜொயின்ட் கழண்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டோம். "அந்தச் சக்கரம் அதுட பாட்டுக்குத் திரும்பும் சேர். ஸ்டியரிங் உங்கட கையில ஈக்கும், சக்கரம் உங்கட கையில இல்ல" என்றார். பதினெட்டு வளைவுக்குப் போய்வந்ததை அவரிடம் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

இப்போது நாங்கள் எழுத வந்த விஷயம். அவர் பார்த்ததற்கு 1,500 ரூபா கேட்டார். சாமான் வேறு, பூட்டுக்கூலி வேறு. பார்த்த கூலி 1,500. எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், உடனே சொன்னார்: "தம்பி, சும்மா பார்த்ததுக்கா 1,500?"

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "சேர்மார் விரும்பினதத் தாங்க" என்றார். அந்த இடத்தில் நாங்கள் உடைந்துவிட்டோம்.

டொக்டரைச் சேனல் பண்ணுகிறோம். அஞ்சு நிமிடம் பார்த்து, மருந்து ஒன்றும் வேண்டாம், தண்ணீர் குடியுங்கள் என்று அனுப்பினாலும் சேனல் காசைக் கொடுத்துவிட்டு, நல்ல டொக்டர் என்றும் சொல்லிக்கொண்டு வருகிறோம். அரை மணித்தியாலம் நிலத்தில் படுத்து, எங்கே நோய் என்று கண்டுபிடித்தவருக்கு மட்டும் கூலி கொடுக்கக் கை வருவதில்லை. பூட்டிய சாமான் கண்ணுக்குத் தெரிந்தால்தான் காசு. இதன் விளைவு என்ன? யோசிக்கிற மெக்கானிக் பட்டினி கிடக்கிறார், சாமான் மாற்றுகிற மெக்கானிக் பிழைக்கிறார். தெரியாத நோய்க்கு மூன்று சாமான் மாற்றி, மூன்றாவதில் சுகம் வந்தால் நாம் கொடுக்கிற காசு 1,500ஐ விட எத்தனை மடங்கு? எங்கள் இரண்டு புது டயரின் விலையை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது.

கராஜ்காரர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று பள்ளிவாசல் வாசலிலும் கல்யாண வீட்டிலும் பேசுகிறோம். சிலர் ஏமாற்றுகிறார்கள்தான். ஆனால் பார்க்கிறதுக்குக் கூலி இல்லை என்று நாம் ஊரோடு சேர்ந்து முடிவு கட்டியிருக்கும்போது, அந்தக் கூலியைச் சாமான் விலைக்குள் ஒளிக்க அவர்களைப் பழக்கியது யார்?

நம் வாகனங்கள் பழையவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, சொந்தப் பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்தாலும் அந்த வரியோடு ஆசிரியச் சம்பளத்தில் புதுக் கார் வாங்கப் போவதில்லை. இருப்பதைத்தான் ஓட்டுவோம். வருடாந்தம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், இன்சூரன்ஸ் கட்டுகிறோம், வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கிறோம். புகைக்குழாயில் கருவியை விடுகிறார்களே தவிர, அந்த வரிசையில் யாரும் காருக்குக் கீழே குனிந்து டை ரொட்டைத் தொட்டுப் பார்ப்பதில்லை. அதை நாமேதான் காசு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

ஆகவே எங்கள் வேண்டுகோள் இதுதான். ஸ்டியரிங் சாய்ந்தால், "நேராக்கித் தாங்க" என்று கேட்காதீர்கள். "ஏன் சாய்ஞ்சது என்று பார்த்துச் சொல்லுங்க, பார்க்கிறதுக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். எலைன்மென்டுக்குப் போனால், முதலில் ஜொயின்ட்களை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த ஜொயின்டோடு எடுக்கிற அளவு வீடு வருவதற்குள் மாறிவிடும். ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவைத்து, இரண்டு பக்கமும் சரிபார்க்கிறார்களா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். முன்னும் பின்னும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். எயார்பேக் உள்ள காரில் ஸ்டியரிங்கைக் கழற்றுவது விளையாட்டு அல்ல, உள்ளே சுருண்டிருக்கும் வயர் அறுந்தால் எயார்பேக் வேலை செய்யாது. மாதம் ஒருமுறை முன் டயரில் உள்ளங்கையை உள்ளிருந்து வெளியேயும் வெளியிலிருந்து உள்ளேயும் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் வாள் பல் மாதிரிக் கையைப் பிடித்தால் சக்கரம் நேராக உருளவில்லை. பாடசாலை வேன் ஓட்டும் சகோதரர்களுக்கும் அதைச் சொல்லுங்கள், ஏசாமல்.

தண்டும் முனையும் மாற்றி, ஸ்டியரிங்கை அதன் பழைய பல்லிலேயே பூட்டி, எலைன்மென்டும் செய்தாகிவிட்டது. தம்பிக்கு 1,500ஐயும் கொடுத்தோம். கேட்டவரே தன் பையிலிருந்து முழுதாகக் கொடுத்தார், நாலாகப் பிரிக்க விடவில்லை.

முதல் கராஜைத் தினமும் கடந்துதான் பாடசாலைக்குப் போகிறோம். அந்த பாஸ் கை காட்டுவார், நாங்களும் காட்டுவோம். அவர் மேல் ஆத்திரப்பட முடியவில்லை. அன்று அவர் காரை உயர்த்திப் பார்க்க ஜெக்கை எடுத்துக்கொண்டுதான் வந்தார். "அதெல்லாம் வேண்டாம் பாஸ், நேரமில்ல, ஸ்டியரிங்க மட்டும் நேராக்கித் தாங்க" என்று சொன்னது நாங்கள்.