7-ஆம் தேதி சம்பளம், 5-ஆம் தேதி தவணை

மாதத்தின் 5-ஆம் தேதி காலை. ஒரகடத்தில் ஷிஃப்டுக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் செல்போனில் குறுஞ்செய்தி வந்து விழுகிறது: கணக்கில் போதிய பணம் இல்லை, பைக் தவணை திரும்பிவிட்டது. சம்பளம் ஏறப்போவது 7-ஆம் தேதி. இந்த இரண்டு நாள் இடைவெளிக்குக் கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒரு 'பவுன்ஸ்' கட்டணம் பிடிக்கும். கடன் கொடுத்த நிறுவனம் இன்னொன்று போடும். ஒவ்வொன்றும் 500 ரூபாய் என்று வைத்தாலும், 18 விழுக்காடு ஜிஎஸ்டியோடு 1,180 ரூபாய். தவணையே 3,000 ரூபாய்தான்.

இதில் அவர் செய்த குற்றம் என்ன? முதலாளியும் சட்டத்தை மீறவில்லை. 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டம், ஆயிரம் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் இடத்தில் 7-ஆம் நாள் வரையும், மற்ற இடங்களில் 10-ஆம் நாள் வரையும் அவகாசம் கொடுத்தது. 2019-இல் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டமும் மாதச் சம்பளத்துக்கு அடுத்த மாதம் 7-ஆம் நாளையே கெடுவாக வைத்திருக்கிறது. சம்பளம் 7-ஆம் தேதி வரை வராமலிருக்கலாம் என்று சட்டமே சொல்லும்போது, 5-ஆம் தேதியே கணக்கில் கைவைப்பது எந்த நியாயம்?

கடன் அட்டைக்காரர்களுக்கு இந்த நியாயம் கிடைத்துவிட்டது. ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்து 2024-இல் திருத்திய விதிகளின்படி, பில் சுழற்சியை ஒரு முறையாவது தம் வசதிக்கு மாற்றிக்கொள்ள அட்டைதாரருக்கு உரிமை உண்டு. கெடு தாண்டி 3 நாளுக்கு மேல் போனால்தான் தாமதக் கட்டணம் போட முடியும். பைக்குக்கும் செல்போனுக்கும் தவணை கட்டுகிறவருக்கும் இதே உரிமை வேண்டும். தேதியைத் தள்ளினால் அந்தச் சில நாள்களுக்கு வட்டி நட்டம் என்று நிறுவனங்கள் சொல்லக்கூடும். அந்த வட்டியை ஒரே ஒரு முறை வாங்கிக்கொள்ளட்டும், யாரும் மறுக்கப்போவதில்லை. தானியங்கித் தவணைப் பிடித்தம் 2021 ஆகஸ்டு முதல் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாள் என்று பாராமல் நடக்கிறது. 5-ஆம் தேதி பிடிக்க முடிந்த பணத்தை 10-ஆம் தேதி பிடிக்க முடியாதா?

கடனை முன்கூட்டியே முடிக்கப் போகிறவர் படும் பாடு இன்னொரு கதை. தாமதத்துக்கு அபராதம் போடும் விதிகள் இல்லாமல் இல்லை: கடன் அட்டையை ரத்து செய்யச் சொல்லி 7 வேலை நாள்களுக்குள் நிறுவனம் செய்யாவிட்டால், பாக்கி ஏதும் இல்லாதபட்சத்தில், நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். கடனைத் தீர்த்த 30 நாளில் அசல் பத்திரத்தைத் திருப்பித் தராவிட்டால், தாமதம் நிறுவனத்துடையதாக இருந்தால், நாளுக்கு 5,000 ரூபாய்; இது 2023 டிசம்பர் முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல விதிகள். ஆனால் இவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்று தொகை எழுதித் தரும் 'ஃபோர்குளோஷர்' கடிதத்துக்கு அலைகிறவரை இந்த இரண்டுமே காப்பாற்றுவதில்லை. நகையை விற்றோ, வருங்கால வைப்பு நிதியை எடுத்தோ பணத்தைக் கையில் வைத்திருப்பார். மேலாளர் விடுப்பு, சிஸ்டம் வேலை செய்யவில்லை, அடுத்த வாரம் வாருங்கள் என்பார்கள். அவர் நடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வட்டி ஏறிக்கொண்டிருக்கும். கட்ட வந்தவரைக் கட்ட விடாமல் வட்டி வாங்குவது கொள்ளைதான்.

ரிசர்வ் வங்கி இரண்டு காரியம் செய்ய வேண்டும். தவணைத் தேதியைச் சம்பள நாளுக்குப் பின் வைத்துக்கொள்ளும் உரிமையை எல்லாக் கடன்தாரருக்கும் தர வேண்டும். கேட்ட 7 வேலை நாள்களுக்குள் முடிப்புக் கடிதம் வராவிட்டால், அதன் பிறகு வட்டி ஓடக் கூடாது என்று உத்தரவிட வேண்டும். அதுவரை வாசகர்கள் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். எழுதிக் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் இல்லாமல் புகார் செய்யலாம்; விவரம் கேட்க அழைக்க வேண்டிய எண் 14448.