எது வெள்ளை?

மட்டாஞ்சேரியின் யூதத் தெருவில் பத்தடி நடப்பதற்குள் மூன்று வெளிச்சங்களைக் கடந்துவிடலாம். ஓட்டுச் சாய்ப்பின் நிழலில் நீல வானத்தின் வெளிச்சம். பழம்பொருள் கடைக்குள் நுழைந்தால் குண்டு பல்பின் மஞ்சள். கடையின் பின்கட்டில் டியூப்லைட்டின் லேசான பச்சை. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மூன்றையும் கடந்து போகும்போது சட்டையின் நிறம் மாறியதாக யாருக்கும் தோன்றுவதில்லை. ஊர் திரும்பிப் படங்களைப் பார்க்கும்போதுதான் தெரிகிறது: அதே சட்டை ஒரு படத்தில் நீலம் பாரித்திருக்கிறது, அடுத்ததில் காமாலை கண்டிருக்கிறது. பழி கேமராவின் மேல் விழுகிறது. கேமராவோ பார்த்ததை அப்படியே சொன்னது. கதை கட்டியது கண்.

கண்ணும் மூளையும் சேர்ந்து, வெளிச்சத்தின் நிறத்தைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் எடுத்துக்கொள்ளப் பழகியவை. 2015இல் ஓர் உடையின் புகைப்படம் உலகத்தையே இரண்டு கட்சியாகப் பிரித்தது நினைவிருக்கும். நீலமும் கறுப்பும் என்றது ஒரு கட்சி, வெள்ளையும் பொன்னிறமும் என்றது மறு கட்சி. (உடை உண்மையில் நீலமும் கறுப்பும்தான்.) எந்த வெளிச்சத்தில் எடுத்த படம் என்பதற்கு அதில் சரியான தடயம் இல்லை. ஆகவே ஒவ்வொரு மூளையும் தன் போக்கில் கழித்துக்கொண்டது. கேமராவுக்கு இந்தக் கழித்தல் தானாக வராது. இந்த வெளிச்சத்தில் வெள்ளை இப்படித்தான் இருக்கும் என்று அதற்குச் சொல்லித் தரவேண்டும். ஒயிட் பேலன்ஸ் என்பது அவ்வளவுதான்.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வினில் அளக்கிறார்கள். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவந்து, பிறகு மஞ்சளித்து, கடைசியில் வெளுக்கும் அல்லவா, அந்தக் கணக்கு. எண்ணெய் விளக்கு ஏறக்குறைய 1,900 கெல்வின். குண்டு பல்பு 2,700 முதல் 2,800. நடுப்பகல் வெயில் சுமார் 5,500. நீல வானத்தின் கீழ் நிழல் 7,000க்கும் மேல். ஃபிலிம் காலத்தில் இதற்கு இரண்டே வழிகள் இருந்தன. பகலுக்கு ஒரு சுருள், 3,200 கெல்வின் ஸ்டுடியோ விளக்குக்கு ஒரு சுருள். சுருள் மாறிவிட்டால் லென்ஸுக்கு முன்னால் நீல அல்லது ஆரஞ்சு ஃபில்டர். இன்று ஒரு பொத்தான் போதும். கெல்வின் எண்ணைக் கையால் அமைப்பவர்கள் மட்டும் ஒரு இடத்தில் இடறுகிறார்கள். எண்ணை உயர்த்தினால் படம் நீலமாகும் என்று எதிர்பார்க்க, அது மஞ்சளாகிறது. கேமராவிடம் சொல்வது வெளிச்சத்தின் நிறத்தை. அது செய்வது அதற்கு எதிர்வினையை.

'ஆட்டோ' என்ற ஏற்பாடு இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலும் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் எளிய ஆட்டோவின் அடிப்படை ஓர் ஊகம்: காட்சியிலுள்ள நிறங்களையெல்லாம் கலந்தால் சாம்பல் வரும் என்பது. பஜார் சாலையின் கிடங்கு ஒன்றில் மஞ்சள் குவியலை ஃபிரேம் நிறைய எடுத்துப் பார்த்தால் அந்த ஊகத்தின் கதி தெரியும். வெளிச்சம்தான் மஞ்சள் என்று முடிவுகட்டி, கேமரா நீலத்தைச் சேர்க்கும். நல்ல மஞ்சள் சோகை பிடித்துக் கிடக்கும். இன்றைய ஃபோன்கள் புத்திசாலிகள்தான், ஆனாலும் ஏமாறாதவை அல்ல. வீடியோவில் இன்னொரு தொல்லை: கேமரா திரும்பத் திரும்ப ஆட்டோவும் மனம் மாறுவதால், ஒரே காட்சியில் பேசுபவரின் முகம் நிறம் மாறிக்கொண்டே போகும்.

ஆகவே, ஏதாவது ஒரு வெள்ளையைக் காட்டிக் கையால் அமைப்பதே நல்லது. கேரளத்தில் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. எந்த வெள்ளை? கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கசவு முண்டு. அது வெளுக்காத பருத்தியின் இளமஞ்சள். அதை வெள்ளை என்று கேமராவை நம்பவைத்தால், மணமக்கள் முதல் பந்தல் வரை எல்லாமே நீலம் தட்டும். சலவை வேட்டி எதிர்த்திசையில் ஏமாற்றும். பக்கத்திலேயே ஃபோர்ட் கொச்சியின் தோபி கானாவில் தமிழ் வண்ணார் சமூகத்தினர் தலைமுறைகளாகத் துணி வெளுக்கிறார்கள். பழுப்பேறும் துணியைக் கண்ணுக்கு வெள்ளையாக்குவது நீலம் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். இன்றைய சோப்புத்தூளில் இருக்கும் வெண்மையூட்டிகள் வெயிலின் புற ஊதாக் கதிரை வாங்கி நீல ஒளியாகத் திருப்பித் தருகின்றன. ஜெராக்ஸ் தாளிலும் அதே சரக்கு உண்டு. கண்ணுக்குப் பளிச்சென்ற வெள்ளை, கேமராவுக்கு நல்ல சாட்சி அல்ல. விஷயம் தெரிந்தவர்கள் நிறச்சார்பில்லாத ஒரு சாம்பல் அட்டையைப் பையில் வைத்திருக்கிறார்கள். மூன்று நிறங்களும் சமமாக இருக்கும்வரை கேமராவுக்கு வெள்ளையும் சாம்பலும் ஒன்றுதான்.

கல்யாண வீடியோவில் முகம் நீலமானால் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வரும், அத்தோடு போகும். மட்டாஞ்சேரி அரண்மனையில் அப்படி விட்டுவிட முடியாது. 1555 வாக்கில் போர்ச்சுகீசியர் கட்டி கொச்சி அரசர் வீரகேரளவர்மாவுக்குக் கொடுத்தது இது. 1663இல் டச்சுக்காரர்கள் பழுதுபார்த்ததால் டச்சு அரண்மனை என்று பெயர் நிலைத்துவிட்டது. அரசரின் பள்ளியறைச் சுவரில் ராமாயணம் நிறைந்திருக்கிறது. காவிக்கல்லின் சிவப்பும் மஞ்சளும், பச்சை, விளக்குக் கரியின் கறுப்பு. இந்த மரபில் வெள்ளை பெரும்பாலும் தீட்டப்படுவதில்லை, சுண்ணாம்புத் தளமே வெள்ளை. அது பழுப்பேறியிருக்கிறது. அதைப் பார்த்து ஒயிட் பேலன்ஸ் அமைத்தால் நூற்றாண்டுகளின் பழுப்பைப் பொத்தானால் துடைத்தாகிவிடும். படம் அழகாகவே வரும். ஆனால் இருபது ஆண்டு கழித்து, சிவப்பு மங்கியிருக்கிறதா என்று ஒப்பிட வருபவருக்கு அது பொய்யான பதிவு. அதனால்தான் ஆவணத்துக்காக எடுப்பவர்கள் 24 கட்டங்கள் கொண்ட வண்ண அட்டையை ஓவியத்தின் ஓரமாக வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறார்கள். 1976 முதல் இருந்துவரும் அட்டை. கேமரா பார்த்ததை மாற்றாமல் சேமிக்கும் 'ரா' கோப்பாகவும் எடுத்துவைத்தால், பிறகு யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஜே.பி.இ.ஜி.யில் அந்த வசதி குறைவு.

சரியான அமைப்புக்கும் கைக்கு மீறியவை இரண்டு உண்டு. ஜன்னல் வெளிச்சமும் பல்பும் ஒரே முகத்தின் இரு பக்கமும் விழுந்தால் எந்த எண்ணும் இரண்டுக்கும் பொருந்தாது. ஒன்றை அணைப்பதே வழி. இரண்டாவது, மலிவான எல்.இ.டி. விளக்கு. அதன் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. வெளிச்சத்தில் இல்லாத நிறத்தைச் சமன்படுத்தி வரவழைக்க முடியாது. வெள்ளை வெள்ளையாகவே இருக்கும், காவிச் சிவப்பு மட்டும் செத்துப்போயிருக்கும்.

கதகளியை எடுப்பவர்களுக்கு வேறொரு சிக்கல். நளன், அர்ஜுனன் போன்ற நாயகர்களின் பச்சை வேஷம், ஆட்டவிளக்கின் முன்னால் பார்ப்பதற்காக வளர்ந்த ஒப்பனை. அந்தச் சுடரின் 1,900 கெல்வின் வரை பல கேமராக்களின் எண் இறங்குவதே இல்லை, 2,500இல் நின்றுவிடும். சாம்பல் அட்டையைக் காட்டிக் கஷ்டப்பட்டுச் சரிசெய்தால், பட்டப்பகலில் பார்த்த மாதிரி பச்சை பளீரென்று வரும். அட்டைப்படி அது துல்லியம். விளக்கின் முன் விடிய விடிய உட்கார்ந்திருந்த எந்த ரசிகரும் அந்தப் பச்சையைப் பார்த்ததில்லை. அனுபவசாலிகள் இங்கே பாதியில் நிறுத்திக்கொள்கிறார்கள். 3,000 அல்லது 3,200இல் வைத்து, கொஞ்சம் மஞ்சளை விட்டுவைக்கிறார்கள். அணியறையில் சுட்டி வைக்கும்போது எடுக்கும் படத்துக்கு மட்டும் அட்டை பையிலிருந்து மறுபடி வெளியே வருகிறது.