15 லட்சம் கிடைச்சாச்சு... முதல் ஆர்டர் எங்கே?

கால்வாயில் மிதக்கும் பிளாஸ்டிக்கை அள்ளியெடுக்க இரண்டு இளம் இன்ஜினீயர்கள் ஒரு மெஷின் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சேமிப்பு முழுக்க மோட்டாருக்கும் வெல்டிங்குக்கும் போய்விட்டது. "கவர்ன்மென்ட் ஃபண்டிங்குக்கு அப்ளை பண்ணு" என்பார்கள் நண்பர்கள்.

தப்பான யோசனை இல்லை. தமிழக அரசின் டான்சீட் திட்டத்தில் தேர்வாகும் ஸ்டார்ட்அப்களுக்குப் பொதுவாக 10 லட்சம் ரூபாய். பசுமைத் தொழில்நுட்பம் என்றால் 15 லட்சம். பதிலுக்கு 3 சதவிகிதப் பங்கு அரசுத் தரப்புக்குப் போகும். மத்திய அரசு 2021-ல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம், மாதிரிக் கருவி செய்யவும் சோதிக்கவும் 20 லட்சம் வரை மானியத்துக்கு வழி செய்தது. ஆனால், கம்பெனி ஆரம்பித்து இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மொபைல் ஆப் என்றால் சரி. ஒரு மழைக்காலம், ஒரு கோடை என்று தண்ணீரில் இறக்கிப் பார்க்க வேண்டிய மெஷினுக்கு இரண்டு வருடம் எந்த மூலைக்கு?

அதைவிடப் பெரிய சிக்கல், பணம் கிடைத்த பிறகுதான் வருகிறது.

கால்வாய் யாருடையது? மாநகராட்சியுடையது. அதாவது, இந்த மெஷினை வாங்கக்கூடியதும் அரசுதான். டெண்டருக்குப் போனால் முதல் கேள்வி: 'இதே வேலையை முன்பு எங்கே செய்தீர்கள்?' ஸ்டார்ட்அப்களுக்கு முன் அனுபவத்தையும் டர்ன்ஓவரையும் தளர்த்தலாம் என்று மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகள் சொல்கின்றன. 'தளர்த்தலாம்' என்பதுதான் வார்த்தை, கையெழுத்துப் போடும் அதிகாரி, நாளை ஆடிட்டில் "அவங்ககிட்ட ஏன் வாங்கினீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது என யோசிப்பார். அந்தப் பயத்தையும் குறை சொல்ல முடியாது.

அமெரிக்கா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. 1982 சட்டத்தில் பிறந்த எஸ்பிஐஆர் திட்டத்தில் அங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் சிறு நிறுவனங்களுக்கு நிதி தருகிறது. யோசனைக்கு ஒரு கட்டம், மாதிரிக் கருவிக்கு ஒரு கட்டம். மூன்றாவது கட்டமான விற்பனைக்கு இந்தத் திட்டத்தில் பணம் கிடையாது. ஆனால், நிதிக்காகப் போட்டியிட்டு ஜெயித்ததே போட்டியாகக் கணக்கில் வரும். அரசுத் துறைகள் மறுபடி டெண்டர் விடாமல் அந்த நிறுவனத்திடமே வாங்கலாம்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். மேன்ஹோலுக்குள் மனிதர் இறங்காமல் அடைப்பெடுக்கும் 'பேண்டிகூட்' ரோபோவைக் கேரளத்தின் ஜென்ரோபாட்டிக்ஸ் உருவாக்கியபோது, கேரள ஸ்டார்ட்அப் மிஷனோடு கேரள நீர் ஆணையமும் கைகொடுத்தது. 2018-ல் திருவனந்தபுரத்தில் ரோபோ வேலையில் இறங்கியது. பிறகு மற்ற மாநில நகரங்களுக்கும் போனது. "அங்கே ஓடுது, போய்ப் பாருங்க" என்று காட்ட ஓர் இடம் கிடைத்தது, எந்த மானியத்தையும்விடப் பெரிய உதவி.

டான்சீட்டில் தேர்வாகும் ஒவ்வொரு பசுமைத் தொழில்நுட்பத்துக்கும் இப்படி ஓர் இடத்தைக் கையோடு ஒதுக்கலாம்: ஒரு வார்டு, ஒரு ஏரி, ஒரு சுத்திகரிப்பு நிலையம். ஆறு மாதம் ஓட்டட்டும். எடுபடவில்லை என்றால் அதுவும் தெரிந்துவிடும். வேலை செய்தால் வாங்கட்டும். வாங்கினால் பில்லையும் நேரத்துக்குக் கொடுக்கட்டும். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற சட்டம் 2006-லேயே வந்துவிட்டது.