சீலை மாற்றும் முன் எஞ்சினைத் துடையுங்கள்

கேள்வி: ஐயா, எங்களிடம் பழைய டிராக்டர் ஒன்று உள்ளது. இரவு நிறுத்தினால் காலையில் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஆயில் சொட்டிக் கிடக்கிறது. வண்டியை இரண்டாகப் பிரித்து, கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலை மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மழைக்கு முன் புழுதி உழவு முடிய வேண்டும். பிரித்துவிடலாமா, உழவு முடியும் வரை ஓட்டலாமா?
- வாசகர், மீமிசல்

பதில்: பிரிக்கும் முன் ஒரே ஒரு நாள் செலவிட்டு, கசிவு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். ஆயில் சொட்டும் இடமும் கசியும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. மேலே கசிந்த ஆயில் எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, விசிறிக் காற்றில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கிளட்ச் ஹவுசிங் அடியில் வந்து சொட்டும். என் அண்ணன் டிராக்டரில் இப்படித்தான் பின் சீலை இரண்டு முறை மாற்றினார்கள். கடைசியில் பார்த்தால் டாப்பட் கவர் பேக்கிங் போயிருந்தது. இரண்டு முறை பிரித்த கூலியும் ஒரு பட்டத்து உழவும் வீண்.

எஞ்சின் ஆறிய பிறகு, டீசல் நனைத்த துணியால் மேலிருந்து கீழ்வரை துடைத்து உலர விடுங்கள். சந்தேகமான இடங்களில் முகப்பவுடரைத் தூவுங்கள். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்திவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடர் நனைந்த இடங்களில் எது உயரமானதோ, அங்கேதான் கோளாறு. எஞ்சின் ஓடும்போது கைகளை உள்ளே விட வேண்டாம். வேட்டி, துண்டு விசிறி பெல்ட்டில் சிக்கிவிடும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவும் கூடாது.

பார்க்க வேண்டிய வரிசை இது: டாப்பட் கவர், ஆயில் பில்டர், முன்பக்க சீல், ஆயில் சம்ப் பேக்கிங், டிரெயின் நட்டு வாஷர். உங்கள் ஊரில் உப்புக் காற்று தகரச் சம்பை அரித்துப் பொத்தலாக்கும். துருப்பிடித்த இடத்தைச் சுரண்டிப் பாருங்கள்.

அடுத்து, எஞ்சின் மூச்சு விடும் பிரீதர் குழாய். அது அழுக்கால் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீலையும் தள்ளிக்கொண்டு ஆயில் வெளியே வரும். டீசலில் கழுவினால் செலவே இல்லை. குறித்த அளவுக்கு மேல் ஆயில் ஊற்றினாலும் இதே தொல்லைதான். பிரீதர் சுத்தமாக இருந்தும் அதில் புகை குபுகுபுவென்று வந்தால், பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. சீல் மாற்றுவதால் தீராது.

மேலே எல்லாம் காய்ந்திருந்து, கிளட்ச் ஹவுசிங் அடித் துளையில் மட்டும் சொட்டினால் அந்த எண்ணெயைத் தொட்டுப் பாருங்கள். கறுத்திருந்தால் எஞ்சின் ஆயில். மெக்கானிக் சொன்னது சரி. கறுக்காமல், பிசுபிசுவென்று காரமான நெடி அடித்தால் கியர் ஆயில். மாற்ற வேண்டியது வேறு சீல்.

கவர் போல்ட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பலம் காட்டினால் தகரம் வளைந்து கசிவு கூடும். பேக்கிங் பசையையும் மெல்லியதாகத் தடவுங்கள். அதிகமானது உள்ளே உதிர்ந்து ஆயில் வடிகட்டியை அடைக்கும்.

உழவு ஓட்டலாமா என்று கேட்டீர்கள். கசிவு குறைவாக இருந்தால் ஓட்டலாம். சமதளத்தில் நிறுத்தி, காலையிலும் மதியமும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். ஆயில் அழுத்த முள் இறங்கினாலோ, சிவப்பு விளக்கு எரிந்தாலோ வரப்பு வரைகூட ஓட்டாமல் அங்கேயே நிறுத்துங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது, ஸ்டார்ட் செய்யாதீர்கள். கிளட்ச் வழுக்கினால் தட்டில் ஆயில் பட்டிருக்கலாம். அப்போது பிரிப்பதைத் தள்ளிப்போடக் கூடாது.

வடித்த ஆயிலை வாய்க்காலிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டாதீர்கள். கேனில் பிடித்து, கழிவு ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அது அபாயகரக் கழிவு.

ஒரு துணி, கொஞ்சம் டீசல், ஒரு டப்பா பவுடர். இந்தச் சோதனையை மெக்கானிக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே செய்யுங்கள். பிரிக்கத்தான் வேண்டுமென்றால், தெரிந்து பிரித்ததாக இருக்கும்.