காலனி வீட்டு வயரிங்கும் ஊர்ப் பஞ்சாயத்தும்

நெய்வேலியில் 1962 முதல் மின்சாரம் தயாரிக்கிறார்கள். அதன் பக்கத்து ஊரான முத்தாண்டிக்குப்பத்தில், காலனித் தெருவில் ஒரு அக்கா காலில் செருப்பு போட்டுக்கொண்டுதான் கிரைண்டரைத் தொடுகிறார். வெறுங்காலில் தொட்டால் ஷாக் அடிக்கிறது. வீடு கட்டி எட்டு மாதம்கூட ஆகவில்லை.

மெயினை அணைத்துவிட்டு போர்டைக் கழற்றிப் பார்த்தோம். எர்த் பின்னுக்கு வயரே போகவில்லை. வெளியே எர்த் குழி தோண்டிய தடமும் இல்லை. மின்கசிவு வந்தால் தானே அணைக்கும் ஆர்.சி.சி.பி.க்கும் சேர்த்துக் காசு வாங்கிய காண்ட்ராக்டர், வெறும் எம்.சி.பி.யை மாட்டியிருக்கிறார். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது.

கேட்கப் போனபோது, "பாக்கி எட்டாயிரத்தக் குடுத்துட்டுப் பேசுங்க" என்றார். பிறகு ஊர்ப் பெரியவர்கள் இருவர் வந்து, "நம்ம பையன்தான், பேசி முடிச்சிக்கலாம்" என்றார்கள். அந்த 'நம்ம'வில் அக்கா இல்லை. ஊர்ப் பஞ்சாயத்தில் யார் உட்கார்ந்து பேசுவது, யார் நின்று கேட்பது என்பது வயரிங் போடுவதற்கு முன்பே முடிவான விஷயம். இந்த வழக்கை அங்கே கொண்டுபோகவே கூடாது என்பது எங்கள் நிலை. கடலூரில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பணம் முழுவதும் கொடுத்தவர் மட்டும் நுகர்வோர் அல்ல. பாதி கொடுத்து மீதியைத் தருவதாகச் சொன்னவரும் நுகர்வோர்தான். பாக்கி இருப்பதால் புகார் செய்யும் உரிமை போய்விடாது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

ரசீது இல்லையே என்று அக்கா பயந்தார். ஜிபேயில் பணம் போன கணக்கு இருந்தது. காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் ரேட் பேசிய குரல் பதிவும் இருந்தது. உரிமம் உள்ள இன்னொரு எலக்ட்ரீஷியனிடம் குறைகளை எழுதி வாங்குவதுதான் பெரும்பாடு. ஒருவர் வேலையை இன்னொருவர் எழுத்தில் குறை சொல்லத் தயங்குகிறார்கள். எங்கள் அலைச்சலில் பாதி அதற்கே போனது. கடைசியில் வயதான ஒருவர் அக்கா வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆணையத்தில் ஒரே வாரத்தில் முடிந்துவிடாது. ஒவ்வொரு வாய்தாவும் அக்காவுக்கு ஒரு நாள் கூலி. மாணவர்கள் உதவ வேண்டிய இடம் இதுதான்: புகார் எழுதுவது, ஆன்லைனில் ஏற்றுவது, கூடப் போவது. இப்போது உங்கள் தெருவில் வீடு கட்டுகிறார்கள் என்றால், ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பொத்தானை அழுத்தி, அது அணைகிறதா என்று பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்க விடாதீர்கள்.

அடுத்த திங்கள் அக்காவோடு கடலூர் போகிறோம். தீர்ப்பு வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் எர்த் குழிக்கு நாங்களே ஆள் சொல்லிவிட்டோம். தோண்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறோம்.