இட்லி மாவும் கோழித் தீவனமும்

2001-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பின்னர், நம் ஊரிகத்துக் குடும்பங்கள் ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிட வேண்டியதாயிற்று. கொல்லையில் கோழி வளர்ப்போருக்குத் தீவனச் செலவு சிறிதன்று. மூட்டையின்மேல் ‘புரதம் இத்தனை விழுக்காடு’ என்று கண்டு வாங்குகிறோம். அவ்வெண் முழுக் கணக்கன்று என்பதை அன்பர்கள் அறிதல் நலம்.

1883-இல் டென்மார்க்கு அறிஞர் கெல்டால் வகுத்த முறையில் தீவனத்தின் நைட்ரஜனை அளந்து, 6.25-ஆல் பெருக்கி, அதனையே புரதம் என்கின்றனர். யூரியா கலந்தாலும் அவ்வெண் உயரும்! புரதமோ ஏறத்தாழ 20 வகை அமினோ அமிலங்களால் ஆனது. பார்சல் மூட்டையின் மொத்த எடையைப் பதிவேட்டில் குறிக்கிறோம். உள்ளிருக்கும் சரக்கின் தரத்தை அவ்வெடை உரைக்குமோ? லைசின் என்னும் ஓர் அமினோ அமிலம் குறையுமாயின், மற்றவை மிகுந்திருந்தும் குஞ்சு செழிக்காது.

லைசினை அளக்கும் வழி யாது? 1939-இல் அமெரிக்காவில் ஸ்நெல், ஸ்ட்ராங் என்னும் அறிஞர் இருவர், பாக்டீரியாவின் வளர்ச்சியைக் கொண்டு ஒரு வைட்டமினை அளந்து காட்டினர். பின்னர் அம்முறை அமினோ அமிலங்களுக்கும் விரிந்தது. லைசினுக்குத் தேர்ந்த பாக்டீரியாக்களுள் ஒன்று லூக்கோநாஸ்டாக் மெசன்டிராய்டஸ். நம் இல்லங்களில் இட்லி மாவைப் பொங்கச் செய்வதும் அவ்வினமே!

லைசின் ஒழிந்த ஏனைய சத்துகள் யாவும் கலந்த நீரைச் சோதனைக் குழாய்களில் நிரப்புவர். சிலவற்றில் அளவறிந்த லைசினையும், சிலவற்றில் அமிலத்தில் வேகவைத்துச் சிதைத்த தீவனத்தையும் சேர்த்து, பாக்டீரியாவை விதைப்பர். லைசின் எவ்வளவோ, அதற்கேற்பவே வளர்ச்சி. சுமார் 37 பாகை வெப்பத்தில் மூன்று நாள் வரை வைத்து, உண்டான புளிப்பை அளந்து ஒப்பிட்டால், தீவனத்தின் லைசின் அளவு விளங்கும். இன்று இவ்வேலையைப் பெரும்பாலும் இயந்திரங்களே செய்கின்றன.

இவ்வறிவின் பயனுக்கு மைசூரில் ஒரு சான்றுண்டு. அங்கு 1950-இல் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், ஏழை மக்களுக்கென இந்தியப் பல்நோக்கு உணவை வகுத்தனர். எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு 75 பங்குக்குக் கொண்டைக்கடலை மாவு 25 பங்கு. முன்னதில் குறைந்த லைசின் பின்னதில் மிகுதி. ஒன்றின் குறையை மற்றொன்று நிறைக்கிறது.

கோழிக்கும் இஃதே நெறி. மக்காச்சோளத்திலும் லைசின் குறைவு, நிலக்கடலைப் பிண்ணாக்கிலும் குறைவு. ஆகலின் இவ்விரண்டோடு சோயாப் பிண்ணாக்கோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூளோ சேர்த்தல் வேண்டும். இனித் தீவனம் வாங்குங்கால், “புரதம் எவ்வளவு?” என்பதோடு நில்லாமல், “லைசின் எவ்வளவு?” என்றும் கேட்போமாக!